தரம் 1: தமிழ்மூலமா, சிங்களமூலமா? கொழும்பில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தைத் தாய் எழுதியது:

அடுத்த வருடம் மகனுக்குத் தரம் 1. விண்ணப்பப் படிவம் மேசையில் கிடக்கிறது. மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று, மொழிமூலம், அதாவது எந்த மொழியில் படிப்பது என்பது மட்டும் பாக்கி. கணவர் சிங்களமூலம் என்கிறார். மாமி தமிழ்தான் என்கிறார், அதற்குமேல் அவவுடன் கதைக்க முடியாது. கனடாவில் இருக்கும் தங்கச்சி போன் எடுத்து, "இன்டர்நெஷனல்ல போடுங்கோ, பிறகு இங்க அனுப்பச் சுகம்" என்கிறாள்.

கணவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், முழுக்கத் தமிழ்மூலம். சிங்களம் நன்றாகவே கதைப்பார். ஆனாலும் அவருக்கு ஒரு மனக்குறை. "கந்தோரில் கூட்டம் நடக்கும். யாரோ ஒரு பகிடி விடுவான். எனக்கு அது விளங்கும்போது மற்றவர்கள் சிரித்து முடித்து அடுத்த விசயத்துக்குப் போயிருப்பார்கள். பதவி உயர்வு கிடைப்பதெல்லாம் அந்தச் சிரிக்கிற கூட்டத்துக்குத்தான்." மகனுக்கு இது வரக்கூடாதாம்.

என் பயம் வேறு. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். என் அம்மாவுக்கும் மாமிக்கும் சிங்களம் துப்புரவாகத் தெரியாது. பேரன் கொப்பியைத் திறந்து பார்த்தால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்ற நிலை எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு பக்கமும் போய் வந்தவர்கள் எழுதுங்கள். தத்துவம் வேண்டாம். வந்தாலும் பரவாயில்லை, வாசிப்பேன்.

ஓய்வுபெற்ற வாத்தி எழுதியது:

தங்கச்சி, உங்கள் மாமனார் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. தாய் தகப்பன் தமிழர் என்றால் பிள்ளை தமிழ் வகுப்பு, சிங்களவர் என்றால் சிங்கள வகுப்பு. தெரிவு இருந்தது முஸ்லிம்களுக்கும் பறங்கியருக்கும்தான்.

தாய்மொழிக் கல்வியைக் கொண்டுவந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1945ல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவரும் வரை நல்ல படிப்பு என்றால் காசு கட்டும் ஆங்கிலப் பள்ளிக்கூடம்தான். தமிழிலோ சிங்களத்திலோ படித்தவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கிராமத்து வாத்தியாராகலாம், அதோடு சரி. அந்தக் கதவை உடைக்கத்தான் தாய்மொழி வந்தது. அப்போது இரண்டு மொழியும் சேர்ந்துதான் வருவதாக இருந்தது. 1944ல் அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜெயவர்த்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை முன்வைத்தபோது, வ. நல்லையா தமிழையும் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு வருடம் கழித்து, 1956ல் வந்த சட்டத்தில் சிங்களம் மட்டும் இருந்தது.

நான் படிப்பித்தது கொழும்பில் இரண்டு மொழிமூலமும் இருந்த ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில். ஒரே மதில், ஒரே மணி, ஒரே சீருடை. இடைவேளை விட்டால் மைதானத்தில் தமிழ்ப் பக்கம், சிங்களப் பக்கம் என்று தானாகவே பிரிந்து நிற்பார்கள். ஆசிரியர் அறையிலும் அதே கதை. ஜன்னலோர மேசைகள் அவர்களுடையவை, கதவுப் பக்கம் எங்களுடையவை. ஒரு சண்டையும் கிடையாது, தேத்தண்ணீர் ஒரே தட்டில்தான் வரும். சிங்களப் பகுதியில் விஞ்ஞானம் படிப்பித்தவரோடு நான் வருடக்கணக்காக ஒரே அறையில் இருந்தேன். அவர் எப்படிப் படிப்பிப்பார் என்று எனக்குத் தெரியாது, நான் எப்படி என்று அவருக்கும் தெரியாது. பிள்ளைகள் கலந்தது கிரிக்கெட் அணியில் மட்டும். அங்கே இரண்டு மொழியிலும் கெட்ட வார்த்தை நன்றாகப் பழகினார்கள்.

மொழி வேறாக இருந்ததால் வகுப்பைப் பிரித்தோம் என்று எல்லோரும் சொல்வார்கள். வகுப்பைப் பிரித்ததால் சமூகம் எப்படிப் பிரிந்தது என்று யாரும் சொல்வதில்லை. 1971 பல்கலைக்கழக அனுமதியைப் பாருங்கள். மருத்துவத்துக்குத் தமிழ் மாணவனுக்கு 250 புள்ளி வேண்டும், சிங்கள மாணவனுக்கு 229 போதும். அந்தத் தரப்படுத்தலின் பிறகு நாடு எங்கே போனது என்று நான் சொல்லத் தேவையில்லை. எல்லோரும் ஒரே வகுப்பில் ஒரே வினாத்தாளுக்கு ஒரே மொழியில் எழுதியிருந்தால், மொழிமூலவாரியாகப் புள்ளி என்று ஒரு கணக்கைப் போடவே வழியிருந்திருக்காது.

ஆகவே பிள்ளைக்கு மூளை எந்த மொழியில் நன்றாக வேலை செய்யும் என்று யோசிக்காதீர்கள். அது எதிலும் வேலை செய்யும். அடுத்த பதின்மூன்று வருடம் அவன் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் அந்தப் படிவத்தில் எழுதப் போகிறீர்கள்.

மருதானை ராத்தா எழுதியது:

நான் சிங்களமூலம். வாத்தியார் சொன்ன அந்தத் தெரிவு எங்கட வாப்பாவுக்கு இருந்தது, அவர் சிங்களத்தை எடுத்தார். இதைக்கூட போனுக்குச் சொல்லித்தான் எழுத்தாக்குகிறேன். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எழுத வெளிக்கிட்டால் சுணங்கும்.

சுகமான பக்கத்தை முதலில் சொல்கிறேன். பிரதேச செயலகம், பொலிஸ், பேங்க், எங்கே போனாலும் என்னிடம் யாரும் இரண்டாம் தரம் கேட்பதில்லை. நானாமார் தமிழ்மூலம் படித்தவர்கள், அவர்களுடைய கடிதங்களை இன்றைக்கும் நான்தான் எழுதிக்கொடுக்கிறேன்.

சுகமில்லாத பக்கம். கலியாணம் முடித்தது கிழக்கு மாகாணத்தில். மதினிமார் முதல் மாதமே எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள், இங்கே எழுத மாட்டேன். என் பிள்ளைகள் வீட்டில் சிங்களமும் இங்கிலீசும்தான். ஜும்ஆ பிரசங்கம் தமிழில் என்றால் மகனுக்குப் பாதி விளங்காது. கொழும்பில் சில பள்ளிவாசல்களில் இப்போது சிங்களத்திலும் இங்கிலீசிலும் பிரசங்கம் நடக்கிறது, அவன் அங்கேதான் போகிறான்.

இன்னொன்று. சிங்களம் சுத்தமாகக் கதைத்தால் எங்களை வேறாகப் பார்க்க மாட்டார்கள் என்று வாப்பா நம்பினார். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பஸ்ஸில் ஏறினால் என் பக்கத்து சீட் காலியாகவே போகும். டிக்கெட்டை அவர்களைவிட நல்ல சிங்களத்தில்தான் கேட்டேன். உங்கட மனிசனிடம் இதையும் சொல்லுங்கள். பகிடி விளங்கும். ஆனால் அந்தப் பகிடி யாரைப் பற்றியது என்பதும் சேர்த்து விளங்கும்.

மொழியியல் படிக்கிறவன் எழுதியது:

வாத்தியார் சேரின் முடிவோடு உடன்பாடு, ஆனால் "மூளை எதிலும் வேலை செய்யும்" என்று அவ்வளவு லேசாக விட முடியாது. மொழி நம்மைச் சிலவற்றைக் கவனிக்க வைக்கிறது. சிங்களப் பேச்சில் வினைமுற்று ஆளுக்கு ஆள் மாறாது. நான், நீ, அவர், அவர்கள் எல்லோருக்கும் "யனவா" ஒன்றுதான். தமிழில் எதிரில் நிற்பவர் யார் என்று தீர்மானிக்காமல் "போறியா", "போறீரா", "போறீங்களா" என்று வாயைத் திறக்கவே முடியாது. பேராசிரியர் சுசீந்திரராசா யாழ்ப்பாணப் பேச்சில் சாதியும் மொழியும் எப்படிப் பின்னியிருக்கின்றன என்று விரிவாக எழுதியிருக்கிறார். ஒருவரை எப்படி அழைக்கிறோம் என்பதிலேயே ஊரின் அடுக்கு முழுவதும் இருக்கும்.

சிங்களத்தில் அடுக்கு இல்லையா என்றால், இருக்கிறது. "ஒயா", "உம்ப", "தமுசே" என்று முன்னிலைப் பெயர்களில் இருக்கிறது. பொலிஸ்காரர் எதை எடுக்கிறார் என்பதை வைத்தே நம் நிலைமை நமக்குத் தெரிந்துவிடும்.

கொழும்பில் சிங்களமூலம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். "நீங்க" ஒன்றை வைத்துக்கொண்டு எல்லோரையும் சமாளிப்பார்கள், அல்லது பெரியப்பாவையும் "நீ" என்பார்கள். இரண்டாவதற்கு வீட்டில் அடி விழும். முதலாவது எனக்குப் பிடித்திருக்கிறது. நாலு தலைமுறை போதனை செய்தும் போகாத ஒரு பழக்கம், இலக்கணம் மறந்ததால் போகிறது.

ஓய்வுபெற்ற வாத்தி எழுதியது:

அவ்வளவு சந்தோசப்பட வேண்டாம் தம்பி. "நீர்" போய்விட்டது, உண்மை. ஆனால் கலியாணப் பேச்சு வந்தால் எல்லாம் அப்படியே திரும்பி வரும்.

குறுக்குத்தெரு பதுளையான் எழுதியது:

நான் புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. முதலாளி காத்தான்குடிக்காரர். எங்கள் கடையில் ஆள் வாசலில் ஏறும்போதே பார்த்து மொழியை எடுக்கணும். பொட்டு வைத்திருந்தால் "வாங்கக்கா, என்ன பாக்குறீங்க". ஒசரி கட்டியிருந்தால் "மொனவத ஓனே, அக்கே". அபாயா என்றால் "வாங்க ராத்தா". தப்பாக எடுத்தால் முகம் சுருங்கும், அதோடு வியாபாரமும் போகும். சில பேர் வேண்டுமென்றே மாற்றிக் கதைப்பார்கள். பொட்டு வைத்த ஒரு அக்கா எப்போதும் சிங்களத்தில்தான் விலை கேட்பார். தமிழில் பதில் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் அவருக்கு நாங்கள் எல்லோருமே சிங்களம்தான்.

ஆனால் கொழும்பில் எனக்குச் சிரமம் கொடுத்தது சிங்களம் இல்லை. அது மூன்று மாதத்தில் வந்துவிட்டது. சிரமம் கொடுத்தது யாழ்ப்பாணத் தமிழ். முதலில் வெள்ளவத்தையில் ஒரு கடையில் இருந்தேன். "பேசிக்கிட்டு இருக்காங்க" என்று சொன்னால் போதும், "தம்பி எந்தத் தோட்டம்?" என்று கேட்பார்கள். தேயிலைத் தோட்டம் என்று நான் சொல்லவே இல்லை. அப்பா பதுளை டவுனில் டெய்லர். ரூம் வாடகைக்குக் கேட்டுப் போனாலும் அதே கேள்வி, பிறகு "ரூம் போயிட்டுது தம்பி". அப்புறம் நானும் "கதைக்கிறது", "வாங்கோ", "ஓமோம்" எல்லாம் பழகிக்கொண்டேன். ரூம் கிடைத்தது.

தாய்மொழிக் கல்வி என்று இங்கே பெரிய பேச்சு நடக்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே எழுபதுகளில்தான். அதுவரை பெரும்பாலும் ஒரு அறை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்பு. எங்கள் தாத்தாவுக்குத் தாய்மொழியில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. படிப்புத்தான் இல்லை. அக்கா, உங்கள் மகனுக்கு இரண்டில் எதையும் எடுக்கலாம் என்பதே பெரிய வசதி என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வெள்ளவத்தைத் தாய் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது விளங்குகிறது. எங்கள் ஒழுங்கையிலும் அந்தக் கேள்வி கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தி எழுதியது:

"எந்தத் தோட்டம்" மட்டுமா? யாழ்ப்பாணத்தான் இன்னொரு யாழ்ப்பாணத்தானைச் சந்தித்தால் முதல் கேள்வி "எந்த ஊர்", இரண்டாவது "ஊரில எவ்விடம்". இரண்டாவது எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். கொழும்புக்கு வந்தும் விடவில்லை.

கடற்கரை பெர்னாண்டோ எழுதியது:

சொந்த ஊர் நீர்கொழும்பு, இப்போது இருப்பது மட்டக்குளியில். என் அப்பாவின் பக்கம் இன்று முழுச் சிங்களம். ஆனால் அப்பாவின் பாட்டி தமிழில்தான் செபம் சொன்னார், கரையில் மீன் ஏலம் போனது தமிழில். நீர்கொழும்பிலிருந்து சிலாபம், புத்தளம் வரை கடற்கரைக் கத்தோலிக்கக் கிராமங்கள் பலவற்றில் இதுதான் நடந்தது. யாரும் அடிக்கவில்லை, விரட்டவில்லை. பள்ளிக்கூடத்தின் மொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியது, பூசையின் மொழி மாறியது, இரண்டு தலைமுறையில் வீட்டின் மொழியும் மாறியது. மொழி மாறியதும் இனமும் மாறிவிட்டது. குடிசன மதிப்பீட்டில் இப்போது எங்கள் ஆட்கள் சிங்களவர். தமிழ் மிச்சமிருப்பது வள்ளத்தில்தான், பழைய மீனவர்களின் வாயில். அதைத் தமிழ் என்று நீங்கள் ஒத்துக்கொள்வீர்களோ தெரியாது, வினையெல்லாம் சிங்களம் மாதிரி ஆளுக்கு ஆள் மாறாமல் நிற்கும். மொழியியல் தம்பிக்குப் பிடிக்கும்.

அதே கரையில் இன்னும் வடக்கே போனால் உடப்பு. திரௌபதை அம்மன் கோயில், தீமிதி, தமிழ்ப் பள்ளிக்கூடம். அவர்களும் மீன்பிடிக்கிறவர்கள்தான், ஆனால் இன்றைக்கும் தமிழர். கோயிலும் பள்ளிக்கூடமும் எந்த மொழியை வைத்திருந்தனவோ ஊரும் அதையே வைத்திருந்தது.

இதை நான் அழிவு என்று சொல்ல வரவில்லை. என் அப்பா தன்னைச் சிங்களவர் என்று நினைத்து நிம்மதியாக இருக்கிறார், அதில் ஒரு பொய்யும் இல்லை. என் அம்மா கொட்டாஞ்சேனைத் தமிழ், அதனால் எனக்கு இரண்டும் கிடைத்தது. அக்கா கேட்டது "அவன் நாளைக்கு யார்" என்ற கவலைதானே, வெளியே எழுதாவிட்டாலும். எங்கள் கரை சொல்வது, பள்ளிக்கூடம் அதைத் தீர்மானிக்கக் கூடியதுதான்.

மொழியியல் படிக்கிறவன் எழுதியது:

பிடித்திருக்கிறது அண்ணா, நன்றி. கொழும்புச் செட்டிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைமன் காசிச்செட்டி 1859ல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தார், அதுவும் ஆங்கிலத்தில். இன்று குடிசன மதிப்பீட்டில் அவர்கள் தனிப் பிரிவு. வீட்டில் தமிழ் வாசிக்கும் செட்டிக் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே பள்ளிக்கூடம் மட்டுமல்ல, வர்க்கமும் வேலை செய்தது. மேலே போக ஆங்கிலம் வேண்டியிருந்தது, போனார்கள்.

காலி வீதி எழுதியது:

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 83 ஜூலைக் கலவரத்தில் "பால்திய" (சிங்களத்தில் வாளி) என்று சொல்லு பார்ப்போம் என்று றோட்டில் நிறுத்திக் கேட்ட கதை உங்கள் வீடுகளிலும் இருக்கும். முதல் எழுத்து சிங்களவர் மாதிரி "b" என்று சரியாக விழுந்தவன் வீட்டுக்குப் போனான். என் அப்பா அதற்குப் பிறகு எங்களை வீட்டில் சிங்களம் கதைக்க வைத்தார், சாப்பாட்டு மேசையில் கட்டாயம். பஸ்ஸில் தமிழில் வாயே திறக்கக்கூடாது. பெயரைச் சுருக்கிச் சொல்லப் பழக்கினார். யுத்தம் முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் 101ஆம் இலக்க பஸ்ஸில் போன் வந்தால் என் குரல் தானாகத் தணிகிறது. மகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள், அவள் பஸ் முழுக்கக் கேட்கத் தமிழில் கதைக்கிறாள்.

சிங்களமூலத்தில் போடுங்கள். பகிடிக்காக அல்ல.

கொம்பனித்தெரு எழுதியது:

இரண்டு மொழியென்றால் ஒரு நாடு, ஒரு மொழியென்றால் இரண்டு நாடு என்று இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா அன்றைக்கே சொன்னார். இந்த இழைக்கு அதுவே போதும்.

ஓய்வுபெற்ற வாத்தி எழுதியது:

யாராவது கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதே கொல்வின்தான் 1972 அரசியலமைப்பை வரைந்த அமைச்சர். அதிலும் அரசகரும மொழி சிங்களம் ஒன்றுதான். வசனத்தை மேற்கோள் காட்டுபவர்கள் அவர் பிறகு செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நுகேகொடை நண்பன் எழுதியது:

வணக்கம். நான் சிங்களவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதனால் தமிழ் படித்தேன், சித்தியும் அடைந்தேன். வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்தது, "தாங்கள் எங்கு வசிக்கின்றீர்கள்?" கவுண்டருக்கு வந்த முதல் அம்மாவிடம் அப்படியே கேட்டேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரிடமோ கேட்கிறேன் என்று நினைத்து. பிறகு அவர் சொன்ன பதில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அடுத்தவர் மட்டக்களப்பு, அடுத்தவர் மாளிகாவத்தை, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தமிழ். சிங்களத்திலும் எழுத்து வேறு பேச்சு வேறுதான், எனக்கு ஆச்சரியப்பட உரிமை இல்லை. இப்போது பரவாயில்லை, கன்டீன் அக்காவிடம் பழகினேன்.

நான் சொல்ல வந்தது இது. சட்டத்தில் தமிழுக்கு இடம் இருக்கிறது. 1987ல் 13ஆம் திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி. கொழும்பில் ஒரு தமிழர் எந்தக் கந்தோரிலும் தமிழில் கடிதம் கொடுக்கலாம், தமிழில் பதில் கேட்கலாம். ஆனால் எங்கள் பகுதிக்கு வரும் தமிழர்கள் சிங்களத்தில் கேட்கிறார்கள், அல்லது சிங்களம் தெரிந்த மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். தமிழ்ப் படிவம் கட்டுக்கட்டாக அலுமாரியில் இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. மேலதிகாரி அதைக் காட்டி, "தமிழ் உத்தியோகத்தர் தேவையில்லை, கேட்பவர் இல்லையே" என்கிறார். எல்லோரும் பிள்ளைகளைச் சிங்களமூலத்தில் போட்டால் அவர் சொல்வது இன்னும் உண்மையாகிவிடும்.

காலி வீதி எழுதியது:

நண்பரே, நல்ல மனதோடு எழுதுகிறீர்கள், மதிக்கிறேன். ஆனால் தமிழில் கேட்டால் "திங்கட்கிழமை வாங்க, தமிழ் தெரிந்தவர் லீவு" என்பார்கள். சிங்களத்தில் கேட்டால் வேலை அன்றைக்கே முடியும். ஒரு நாள் சம்பளத்தை விட்டு மொழியுரிமைப் போராட்டம் நடத்த எல்லோராலும் முடியாது. என் மாமா பொலிஸில் கொடுத்த முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டது, வாசிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

நுகேகொடை நண்பன் எழுதியது:

உண்மை. எங்களிடமும் அந்தத் திங்கட்கிழமை உண்டு.

குறுக்குத்தெரு பதுளையான் எழுதியது:

பஸ்ஸில் "கர்ப்பிணித் தாய்மாருக்கு" என்று எழுதப் போய் "நாய்மாருக்கு" என்று எழுதிய படத்தை எல்லோரும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். எழுதியவருக்குத் தமிழ் எழுத்து படம் மாதிரி, பார்த்து வரைந்திருக்கிறார். த எது, ந எது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. அந்த பஸ்ஸில் தினமும் எத்தனை தமிழர் ஏறி இறங்கியிருப்பார்கள், ஒருத்தரும் கண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படம் எடுத்தார்கள்.

கிருலப்பனை அம்மா எழுதியது:

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. எங்கள் மகள் தரம் 5 வரை தமிழ்மூலம், தரம் 6ல் இருமொழிப் பிரிவு. கணிதம், விஞ்ஞானம் ஆங்கிலத்தில், தமிழும் சைவநெறியும் வரலாறும் தமிழில். இந்த முறை 2001, 2002 அளவில் வந்தது. எங்களுக்குக் கிடைத்த பாடசாலையில் ஆங்கிலப் பாடங்களுக்குச் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். வாத்தியார் சொன்ன அந்த "பக்கத்தில் யார்" என்ற கேள்விக்குக் கொஞ்சம் பதில் இதில் இருக்கிறது.

கொஞ்சம்தான். மகளின் உயிர்த்தோழி மகரகமையிலிருந்து வருகிற சிங்களப் பிள்ளை. இரண்டு பேரும் ஆங்கிலத்தில்தான் கதைக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் அம்மம்மா எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மகள் ஒரு வார்த்தை பேச முடியாமல் நின்றாள். நான்தான் என் ஓட்டைச் சிங்களத்தில் சமாளித்தேன். புறக்கோட்டையில் வேலை செய்யும் தம்பிக்கு இருக்கும் சிங்களம் என் மகளுக்கு இல்லை. பாடசாலையில் சிங்களம் இரண்டாம் மொழியாக இருக்கிறதுதான், பரீட்சைக்குப் பாடமாக்கினாள், முடிந்தது. அதனால் பின்னேரத்தில் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் அனுப்புகிறேன். படிக்க அல்ல, சும்மா இருந்து டிவி பார்க்க. அது பிடிக்கிறது.

கொம்பனித்தெரு எழுதியது:

இன்டர்நெஷனல் பற்றி?

கிருலப்பனை அம்மா எழுதியது:

அவை கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகள். சில நல்லவை, சில அப்படியில்லை. மொழிச் சண்டை அங்கே கிடையாது, ஏனென்றால் இரண்டு மொழியுமே பாதிதான். காசு இருந்தால் யோசிக்கலாம், எங்களிடம் இல்லை, ஆகவே யோசிக்கவில்லை.

வெள்ளவத்தைத் தாய் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். மருதானை ராத்தா எழுதியதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "காலி வீதி சொல்வதுதான் சரி" என்றார். மாமிக்கு பெர்னாண்டோ அண்ணா எழுதியது போதுமாக இருந்தது, "பார்த்தியா" என்று ஒரே சொல். ஆக இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள், இன்னும் உறுதியாக.

எனக்கு இப்போது கிருலப்பனை அக்கா சொன்ன வழி மனதுக்குப் பிடிக்கிறது. தமிழ்மூலத்தில் தொடங்கி, சிங்களத்தை வெளியில் பழக்குவது. இரண்டு கேள்வி. ஒன்று, தமிழ்மூலத்தில் போட்டுவிட்டு சரிவராவிட்டால் பிறகு சிங்களமூலத்துக்கு மாற்ற முடியுமா? மற்றது, எங்களுக்குக் கிட்ட இரண்டு பாடசாலை இருக்கிறது, இரண்டிலும் தமிழ்ப் பகுதி உண்டு. எது நல்லது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மருதானை ராத்தா எழுதியது:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். தரம் 2, 3 என்றால் பிள்ளை பிடித்துக்கொள்ளும். தரம் 6க்குப் பிறகு என்றால் ஒரு வருடம் அழும். என் சாச்சாவின் மகன் அழுதான். பேச்சுச் சிங்களம் நன்றாகத் தெரிந்த பிள்ளைதான், ஆனால் புத்தகத்தில் இருக்கிற சிங்களம் வேறு.

ஓய்வுபெற்ற வாத்தி எழுதியது:

இரண்டாவதற்கு நான். கிட்ட வசிப்பவர்களுக்குப் பாதி இடம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்குக் கால்வாசி என்பது வழக்கமான கணக்கு. ஆகவே வாக்காளர் இடாப்பில் பெயர் எத்தனை வருடமாக இருக்கிறது, வீட்டுப் பத்திரம் யார் பெயரில் என்று முதலில் பாருங்கள், மொழிமூலம் அதற்குப் பிறகு.

பாடசாலையைப் பற்றி ஒரே ஒரு விசயம் விசாரித்தால் போதும். தமிழ்ப் பகுதியில் உயர்தரம் வரை கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, அல்லது "வரப்போகிறார்" என்கிறார்களா? கொழும்பில் எத்தனையோ தமிழ்ப் பகுதிகள் இந்த "வரப்போகிறார்" என்ற சொல்லிலேயே வருடக்கணக்காக ஓடுகின்றன. பிள்ளைகள் பின்னேரம் ரியூசனுக்கு ஓடுகிறார்கள், பெறுபேறு வந்ததும் பாடசாலை பெயர் எடுக்கிறது. அதிபரிடம் கேட்டால் எல்லோரும் இருக்கிறார்கள் என்பார். பாடசாலை விடும் நேரம் வாசலுக்குப் போய் வான் ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள். எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் எத்தனை மாதமாக நடக்கவில்லை என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும், பிள்ளைகள் வரும் வழியெல்லாம் அதைத்தான் கதைப்பார்கள்.